இன்னும் இரண்டு

பாட்டரிக்காரர் படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் தன் வலது கையை முன்னால் நீட்டினார். மணிக்கட்டைத் தளர்த்தி, விரல்களைக் கீழே தொங்கவிட்டுக் காட்டினார்.

“இப்படித்தாம்மா தொங்குது. தூக்குங்கன்னு சொன்னா தூக்க முடியலை. அண்ணனுக்குச் சாகறதுக்கு முன்னாடி இப்படித்தான் தொங்குச்சு. இப்ப அண்ணிக்கு. அதே வலது கை.”

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளுக்குத் துபாஷி என்று பெயர் நிலைத்துவிட்டிருந்தது. முப்பது வருடம் நீதிமன்றத்தில் சாட்சிகளின் பேச்சை மொழிபெயர்த்தவர். யார் எந்த இடத்தில் வார்த்தையை மாற்றிப் போடுகிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் விளங்காத காரியம் நடந்தவர்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவருடைய தம்பி, மாடிப்படியில் புதுக் காலடி கேட்டாலே கடைக் கதவில் ‘இதோ வருகிறேன்’ பலகையை மாட்டிவிட்டு மேலே வந்துவிடுவார். இப்போதும் வந்து கதவோரமாக நின்றிருந்தார்.

“டாக்டர் என்ன சொல்றார்?” என்று துபாஷி கேட்டார்.

“நரம்புத் தளர்ச்சி, துக்கம் அப்படீங்கறார். சத்து மாத்திரை குடுத்து நிறைய தண்ணி குடிக்கச் சொன்னார். அது எதுவும் இல்லம்மா. அண்ணன் கூப்பிடறார். எழுதி வெச்சிட்டே போயிருக்கார்.”

சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு அட்டை. அதில் பென்சிலால் ஆங்கிலத்தில் ‘ஸ்டில்’ என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. அதன் பக்கத்தில், தோளுக்கு மேல் ஏறி உட்கார்ந்ததுபோல், சின்னதாக ஒரு 2.

“ஸ்டில்னா ‘இன்னும்’னுதானே அர்த்தம்? எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் அவ்வளவுதான். இன்னும் ரெண்டு. அண்ணனுக்குக் குழந்தை குட்டி கிடையாது, நான் கல்யாணமே பண்ணிக்கலை. அண்ணன் போனதும் அந்த வீட்டுல மிச்சம் இருக்கறது அண்ணியும் நானும். ரெண்டே பேர்.”

கண்ணாடிக்காரர் கதவை விட்டு ஓரடி உள்ளே வந்தார். அக்காளின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பாட்டரிக்காரர் சொல்லச் சொல்ல விஷயம் ஒழுங்குக்கு வந்தது. அண்ணன் அகராதிக்காரர். இருபத்திரண்டு வருடமாக மாடி அறையில் உட்கார்ந்து ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதி எழுதிக்கொண்டிருந்தார். சொல்லின் பிறப்பு, பழைய பொருள், புதிய பொருள், எந்தப் புத்தகத்தில் எப்படி வந்திருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் அட்டை. போன வருடம் வயிற்றுவலி தொடங்கியது. அப்புறம் முகம் வெளுத்தது, எரிச்சல், தூக்கமின்மை. பிறகு கை தொங்கியது. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை பத்து மணிக்கு மேஜையிலிருந்து அலறினார். அண்ணி ஓடிப்போய்ப் பார்த்தபோது நாக்கு குழறியது. ஏதோ சொல்லப் பார்க்கிறார், வாயில் வேறு ஏதோ வருகிறது. பென்சிலை முஷ்டியில் பிடித்து இந்த அட்டையில் எழுதி அண்ணியின் கையில் திணித்தார். உடனே வலிப்பு. மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. மூளையில் வீக்கம் என்றார்கள்.

“அந்த அறையைப் பூட்டிட்டோம். பூட்டின அறைக்குள்ளேருந்து காகிதம் புரட்டற சத்தம் கேக்குது. பட்டப் பகல்ல. நான் என் காதால கேட்டேன்.”

துபாஷி அட்டையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“உங்க அண்ணனுக்கு இங்கிலீஷ்ல பிழை வருமா?”

“அவருக்கா? என் கடைப் பலகையில ஒரு எழுத்து தப்புன்னு மூணு மாசம் அந்த வாசல் வழியா வராம பின்பக்கமா சுத்தி வந்தவரும்மா.”

“அப்ப இது ‘இன்னும் ரெண்டு’ இல்லை” என்றார் துபாஷி. “வாங்க, வீட்டைப் பார்க்கலாம்.”

*

வீட்டின் தரைத்தளம் முழுவதும் பாட்டரி பட்டறை. பிரித்துப் போட்ட கறுப்புப் பெட்டிகள், அடுக்கி வைத்த தகடுகள், அமில வாடை. சுவரில் ரப்பர் கையுறைகளும் முகமூடியும் ஆணியில் தொங்கின. மூலையில் ஒரு சோப்புக் கட்டியும் தேய்க்கும் பிரஷ்ஷும் இருந்தன.

“கைகழுவாம ஒரு வாய் டீ குடிக்க மாட்டேன். இந்தத் தூசி பொல்லாதது” என்றார் பாட்டரிக்காரர்.

பின்கட்டில் ஒரு செம்புப் பானை காஸ் அடுப்பின் மேல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அதன் மூடியிலிருந்து வளைந்து புறப்பட்ட செம்புக்குழாய் பாதியில் முடிந்து, மங்கிய சாம்பல் நிறக் குழாய் ஒன்று அதோடு சேர்ந்து, தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு இறங்கியது. தொட்டிக்கு வெளியே அதன் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கண்ணாடி ஜாடியில் தண்ணீர் விழுந்தது.

“இது என்ன?”

“தண்ணி மெஷின். பாட்டரிக்கு ஊத்தற தண்ணி. அண்ணனுக்குக் கிட்னியில கல்லு, ஊர்த்தண்ணி ஒத்துக்காது. நாலஞ்சு வருஷமா இதுலேருந்துதான் அவருக்குத் தினம் ஒரு கேன் மேலே போகும்.” அவர் குரல் இளகியது. “நடுவுல குழாய் ஓட்டையாகி, ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி நானே கீழ்ப்பாதியை ஈயக் குழாயா மாத்தினேன். ஒரு நாள்கூட அண்ணனுக்குத் தண்ணி தவறினதில்லை.”

“நீங்க குடிக்கறதில்லையா?”

“நான் எங்கம்மா? எதிர்த்த கடை டீயும் குழாய்த் தண்ணியும்தான். இது ருசியே இருக்காது.”

மேலே அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சுண்ணாம்பு அடித்த சுவர்போல முகம் வெளுத்திருந்தது. வலது கை மடியில் துணிப்பொம்மையின் கையைப் போலக் கிடந்தது. பேசும்போது உதடு ஒதுங்கியபோது, பல்லும் ஈறும் சேரும் இடத்தில் மையால் கோடிழுத்ததுபோல் ஒரு நீலக்கறுப்பு தெரிந்தது.

“நீங்களாவது சொல்லுங்க, அவர் கெட்டவர் இல்லை” என்றார் அண்ணி. “என்னைக் கூப்பிட்டா நான் போயிடறேன். தம்பியை விட்டுடணும். அவ்வளவுதான் கேக்கறேன்.”

“எப்ப ஆரம்பிச்சது உங்களுக்கு?”

“அவருக்கு முடியாம போன கொஞ்ச நாள்ல வயிறு பிடிச்சு இழுக்க ஆரம்பிச்சுது. கை விழுந்து ஒரு மாசம் ஆகுது. நடுவுல எங்க அக்கா வீட்டுல மூணு வாரம் இருந்தேன். அங்க கொஞ்சம் பரவாயில்லை. வயிறு வலிக்கலை, தூங்கினேன். திரும்பி வந்த பத்தாம் நாள் பழையபடி.”

“பாருங்க!” என்று பாட்டரிக்காரர் குறுக்கிட்டார். “இந்த வீட்டுக்குள்ள இருந்தாத்தான் பிடிக்குது.”

கண்ணாடிக்காரர் அதற்குள் அலமாரியில் ஒரு போட்டோ ஆல்பத்தைக் கண்டுபிடித்துவிட்டார். “அக்கா! ஸ்டில்! சினிமாக்காரங்க போட்டோவை ஸ்டில்னுதானே சொல்வாங்க? ஸ்டில் ரெண்டு, ரெண்டாவது போட்டோ!” பக்கத்தைப் புரட்டினார். இரண்டாவது படத்தில் அகராதிக்காரரின் பக்கத்தில் முதுகு வளைந்த ஒல்லியான மனிதர் ஒருவர் நின்றார். “இது யாரு?”

“உதவியாளர்” என்றார் அண்ணி. “பதினோரு வருஷம் கூட இருந்தார். அவர் குனிஞ்சு நிக்கறதைப் பார்த்து இவர்தான் காற்புள்ளின்னு பேர் வெச்சார்.”

“அண்ணன் செத்த மறுநாள் அந்த ஆளு அறைச் சாவியைக் கேட்டாரு. நான் வெளியே போகச் சொல்லிட்டேன்” என்றார் பாட்டரிக்காரர்.

கண்ணாடிக்காரரின் கண் மின்னியது. “அகராதியைத் தன் பேர்ல போட்டுக்கணும்னு ஆசை வந்திருந்தா? டீயில எதையாவது கலந்திருந்தா?”

“அவரை வரச் சொல்லுங்க” என்றார் துபாஷி. “அதுக்கு முன்னாடி அறையைத் திறங்க.”

பூட்டு திறந்தபோது எல்லோருக்கும் அது கேட்டது. சரசர என்று காகிதங்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், யாரோ அவசரமாக எதையோ தேடுவதுபோல. பாட்டரிக்காரர் இரண்டடி பின்னால் போனார். அறை இருட்டாக இருந்தது. இருட்டில் வெள்ளையாக ஒரு வரிசை அசைந்தது.

துபாஷி நடந்துபோய் ஜன்னல் திரையை விலக்கினார். சுவருக்குச் சுவர் கட்டிய நூலில், முடியாத அட்டைகள் கிளிப்பில் மாட்டித் தொங்கின. ஜன்னலின் மேல் கண்ணாடியில் ஒரு மூலை உடைந்திருந்தது. அவர் தன் கைக்குட்டையைச் சுருட்டி அந்த ஓட்டையில் திணித்தார். சத்தம் நின்றது.

“காத்து” என்றார்.

அண்ணி வாசலிலேயே நின்று அழுதார். நாலு மாதமாக அந்தச் சத்தம் அவருக்குத் துணையாக இருந்திருக்கிறது என்று துபாஷிக்குத் தோன்றியது. அவர் அதைச் சொல்லவில்லை.

சுவர் முழுக்க மர இழுப்பறைகள். துபாஷி ஒன்றைத் திறந்தார். ‘பேங்க்’ என்ற சொல்லுக்கு இரண்டு தனித் தனிக் கட்டுகள் இருந்தன. ஒன்றின் முகப்பு அட்டையில் சொல்லின் தோளில் சின்னதாக 1, ஆற்றங்கரை. மற்றதில் 2, வங்கி. இன்னொரு இழுப்பறையில் ‘பேட்’. தோளில் 1 போட்டது கிரிக்கெட் மட்டை, 2 போட்டது வௌவால். அதை மூடினார். எஸ் எழுத்தின் இழுப்பறைக்குப் போய் அட்டைக்கட்டு ஒன்றை எடுத்தார். மேலே இருந்த அட்டையைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

அவர் திரும்பிப் பார்த்தபோது, அண்ணி அழுத களைப்பில் வாசலுக்கு வெளியே மேஜை மேலிருந்த டம்ளரை இடது கையால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். துபாஷி இரண்டே எட்டில் போய் அதைப் பிடுங்கினார். தண்ணீர் சேலையில் கொட்டியது.

“இது கேன் தண்ணியா?”

“ஆமாம். அவர் குடிச்ச தண்ணி. அவருக்கு முடியாம போனதிலேருந்து நானும் இதைத்தான் குடிக்கறேன்.”

“இனிமே ஒரு சொட்டுக் குடிக்கக் கூடாது” என்றார் துபாஷி. அவர் குரல் உயர்ந்து அவருடைய தம்பி கேட்டது அதுதான் முதல் தடவை.

*

காற்புள்ளி வந்து சேர மதியம் இரண்டு ஆகிவிட்டது. கையில் தன் பிளாஸ்க்கோடு வந்தார். அறையைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது. பாட்டரிக்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி நாற்காலியில். கண்ணாடிக்காரர் பிளாஸ்க்கின் மேலேயே கண் வைத்திருந்தார்.

துபாஷி அட்டையை நீட்டினார். “இதைப் படிங்க.”

காற்புள்ளி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. “ஸ்டில், இரண்டாவது சொல்.”

“ரெண்டாவது சொல்னா?”

“எழுத்து ஒண்ணா இருக்கும், பிறப்பு வேறயா இருக்கும். அதுக்குத் தோள்ல நம்பர் போடுவோம். முதல் ‘ஸ்டில்’ பழைய இங்கிலீஷ். அசையாம ஒரு இடத்துல இருக்கறதுன்னு பொருள். அப்புறம் சத்தமில்லாததுன்னு ஆச்சு. அசையாம இருக்கறது எப்பவும் இருக்கும் இல்லையா? அதுலேருந்து ‘எப்பவும்’, அதுலேருந்து ‘இன்னும்’. போட்டோவும் இதுதான். ஆனா ரெண்டாவது வேற வம்சம். லத்தீன்ல ‘ஸ்டில்லா’ன்னா துளி. சொட்டுச் சொட்டா வடிக்கற பாத்திரம். வாலை.” அவர் பாட்டரிக்காரரைப் பார்த்தார். “நீங்க டிஸ்டில்ட் வாட்டர்னு விக்கறீங்களே, அந்த டிஸ்டில் இதோட பிள்ளைதான். இந்த அட்டை எப்ப எழுதினது? எனக்கு ஏன் யாரும் காட்டலை?”



“ஏன் காட்டலைன்னா, இதைச் சாபம்னு நினைச்சுட்டாங்க” என்றார் துபாஷி. “எனக்கு முதல்ல உறுத்தினது இந்த ‘இன்னும்’தான். தமிழ்ல ‘இன்னும் இருக்கார்’னும் சொல்றோம், ‘இன்னும் ரெண்டு குடு’ன்னும் சொல்றோம். ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. இங்கிலீஷ்ல அப்படி இல்லை. மேற்கொண்டு ரெண்டுன்னா அதுக்கு வேற சொல். சாட்சிக் கூண்டுல இந்தத் தப்பை நூறு தடவை திருத்தியிருக்கேன். இருபத்திரண்டு வருஷம் அகராதி எழுதினவர் உயிர் போற நேரத்துலயும் அந்தத் தப்பைச் செய்ய மாட்டார். அதுவும் இல்லாம, தூக்க முடியாத கையைத் தூக்கி அந்த 2-ஐ மேலே, சின்னதா எழுதியிருக்கார். எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார்! அந்த இடம் அவருக்கு அவ்வளவு முக்கியம்.”

“அப்ப போட்டோ இல்லையா?” என்று கண்ணாடிக்காரர் மெதுவாகக் கேட்டார்.

“இல்லைடா. பிளாஸ்க்கையும் விடு. பதினோரு வருஷமா தன் டீயைத் தானே கொண்டுவந்ததாலதான் இவர் நல்லா இருக்கார்.” துபாஷி இழுப்பறையிலிருந்து எடுத்த அட்டைக்கட்டைக் காற்புள்ளியிடம் கொடுத்தார். “மேல் அட்டையைப் படிங்க. அவர் அலறின அன்னிக்குத் தேதி போட்டு, எழுதி உள்ளே வெச்சது.”

காற்புள்ளி படித்தார். பழைய வைத்திய நூல் ஒன்றிலிருந்து எடுத்த மேற்கோள் அது. படிக்கப் படிக்கக் குரல் தேய்ந்தது. “‘காரீயக் குழாய் பூட்டிய வாலையில் வடித்ததைப் பல மாதம் அருந்தியவர்க்கு, வயிறு முறுக்கி வலித்தது, முகம் வெளுத்தது, மணிக்கட்டு தொங்கியது, பல் ஈறில் நீலக் கோடு கண்டது, சிலர் வலிப்புற்று மாண்டனர்.’ கீழே... கீழே அவர் கையால ஒரு வரி. ‘என் கை!’ன்னு இருக்கு.”



“ஒரு சொல்லுக்கு உதாரணம் தேடினவர் தன் வியாதியைப் படிச்சிட்டார்” என்றார் துபாஷி. “அலறினது அப்பதான். சொல்ல நாக்கு வரலை. எழுதவும் ஒரு சொல்லுக்கு மேல தெம்பு இல்லை. அதனால இந்த இழுப்பறைக்கு வழி எழுதிக் குடுத்தார். இங்க வந்து பாருங்கன்னு. நீங்க அறையைப் பூட்டிட்டீங்க.”

பாட்டரிக்காரர் சுவரில் சாய்ந்திருந்தார்.

“ஈயம்தானேம்மா? பாத்திரத்துக்கெல்லாம் ஈயம் பூசறாங்களே. அதுல சமைச்சுச் சாப்பிடறாங்களே.”

“அது வெள்ளீயம். அது வேற உலோகம். நீங்க மாட்டினது?”

“பாட்டரித் தகட்டை உருக்கி... நானே வார்த்த குழாய்.” அவர் தன் கைகளைப் பார்த்தார். “காரீயம். தூசி ஆகாதுன்னு தெரியும். முகமூடி போட்டுப்பேன், கை கழுவுவேன். குழாயா இருந்தா என்ன பண்ணும்னு நினைச்சேன். சுத்தமான தண்ணிதானேன்னு...”

“சுத்தமான தண்ணிதான் அதை அதிகமா கரைக்கும். அதுக்குள்ள வேற எதுவும் இல்லாததால எதைக் கண்டாலும் இழுத்துக்கும்.”

பாட்டரிக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “தினமும் நான்தாம்மா தூக்கிட்டு வந்தேன். உடம்பு முடியாதப்ப ரெண்டு கேன். இன்னும் கொஞ்சம் குடிங்கண்ணா, கல்லு கரையும்னு நான்தான் வாயில ஊத்தினேன்.”

துபாஷி குனிந்து அவர் தோளைத் தொடப் போனார். தொடவில்லை. அந்த இடத்தில் தொட வேண்டிய ஆள் தானல்ல என்று விலகி நின்றார்.

அண்ணி அந்த ‘என் கை!’ அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு துபாஷியிடம் கேட்டார்:

“அவருக்குத் தெரிஞ்சிருக்குமா, தம்பி மாட்டின குழாய்தான்னு?”

“தெரிஞ்சிருக்கும். ஆனா அவர் தன் தம்பி பேரை எழுதலை. பாத்திரத்தோட பேரைத்தான் எழுதினார். அன்னிக்கு நீங்களும் அந்தத் தண்ணியைக் குடிச்சிட்டிருந்தீங்க. அந்த அட்டையை உங்க கையிலதான் குடுத்தார்.”

அண்ணி எழுந்தார். நடக்கும்போது சற்றுத் தள்ளாடினார். தரையில் கிடந்தவரின் முன்னால் போய் நின்றார். காற்புள்ளி தலையைத் திருப்பிக்கொண்டார்.

“தம்பி” என்றார் அண்ணி.

அவர் தலை நிமிரவில்லை.

“உன்கிட்ட கோபம் வரும். இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு வரும். அப்ப கத்துவேன், நீ கேட்டுக்கணும். ஆனா இப்ப எனக்குக் கை வேணும்.” தொங்கிய வலது கையை இடது கையால் தூக்கி அவர் முன் நீட்டினார். “எழுந்திரு. பெரிய ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிட்டுப் போறது? வண்டியை எடு.”

பாட்டரிக்காரர் எழுந்தார். சாவியைத் தேடி எல்லாப் பைகளிலும் கையை விட்டார். சாவி கையிலேயே இருந்தது. காற்புள்ளிதான் அதைச் சுட்டிக்காட்டினார். பிறகு மூவரும் படியிறங்கினார்கள். நடுவில் அண்ணி, இரண்டு பக்கமும் ஆளுக்கொரு முழங்கையைப் பிடித்தபடி.

வண்டி தெருமுனை திரும்பும்வரை துபாஷி வாசலில் நின்றார். அதன்பின் பின்கட்டுக்குப் போய் அடுப்பை அணைத்தார். தன் தம்பியை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, சுடச்சுட அந்தச் சாம்பல் குழாயைச் சாக்குத் துணியால் பற்றிக் கழற்றினார். அந்த மனிதர் திரும்பி வரும்போது அது அவர் கண்ணில் படக் கூடாது என்று அவருக்கு இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் சோதிக்கக் கேட்பார்கள் என்று செய்தித்தாளில் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

தெருவில் நடக்கும்போது கண்ணாடிக்காரர் பாதி வழிவரை வாயைத் திறக்கவில்லை. அவரால் முடிந்த அதிகபட்சம் அது.

“அக்கா, அந்தம்மா பிழைச்சுடுவாங்களா?”

“கை திரும்பி வர மாசக் கணக்காகும். வந்துடும்னுதான் நினைக்கறேன்.”

“அந்த ஆளு?”

துபாஷி பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். கனமாக இருந்தது.

“அதை அந்தம்மா பார்த்துப்பாங்க” என்றார்.